சுண்ணாம்பை எடுக்கும் தண்ணீர், சுண்ணாம்பை வைக்கும் தண்ணீர்

சின்னமனூரில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. ஒன்று, மேற்கு மலையிலிருந்து இறங்கி ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். குடிநீர்த் திட்டம் வழியாகக் குழாயில் முறை வைத்து வரும் அதைக் குடத்திலும் தரைத்தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். மற்றொன்று, வீட்டு மனையிலேயே போர் போட்டு, மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் நிலத்தடி நீர். முதலாவதற்கு ‘நல்ல தண்ணி’ என்று பெயர். இரண்டாவதற்கு ‘உப்புத் தண்ணி’.

இரண்டையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கொதிக்க வைத்தால் தெரிந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரம் நெடுநாள் சுத்தமாக இருக்கும். உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் சில நாளிலேயே வெள்ளைப் பொருக்குத் தட்டும். கீசரின் காயிலை எரிப்பது அந்தப் பொருக்குதான். ஷவரின் துளைகளை அடைப்பதும், ஏர் கூலரின் புல்தட்டியைக் கல்போல் விறைக்க வைப்பதும் அதுவே. காயிலை மாற்ற வரும் மெக்கானிக், “உப்புத் தண்ணிங்க, ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டுப் போவார். பண்ண முடியும். அதற்கு முதலில் அந்த வெள்ளைப் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, ஏன் சூடான இடமாகப் பார்த்து ஒட்டுகிறது என்பது நமக்குப் புரிய வேண்டும்.

அது சமையல் உப்பு அல்ல. சமையல் உப்பு எவ்வளவு சூட்டிலும் கரைந்தே நிற்கும், கீசருக்குள் படியாது. நம் பொருக்கின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், சிப்பி, முட்டை ஓடு, பளிங்கு எல்லாம் இதே பொருள்தான். கால்சியத்தோடு மக்னீசியமும் தண்ணீரில் கரைந்திருக்கும். இவ்விரண்டின் அளவைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்று அளக்கிறார்கள்.

அணை சொல்லும் வேதியியல்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைக் காட்டும் மிகப் பெரிய சான்று நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இன்றைய சிமெண்ட் அணை அல்ல. சுண்ணாம்பு, மணல், சுர்க்கி எனப்படும் சுட்ட செங்கல்பொடி மூன்றையும் குழைத்த சாந்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. அந்தச் சுண்ணாம்புக்கான கல்லை நம் பக்கத்து மலையடிவாரத்தில், லோயர்கேம்ப்பை அடுத்த குருவனூத்துப் பகுதியில் வெட்டி எடுத்து, கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைக்கு ஏற்றினார்கள். பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலை ஏறி அணையாக நின்றது.

நின்ற நாள் முதல் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது. அணைச் சுவர் வழியே கசியும் நீரில் சுண்ணாம்பு வெளியேறுவதைப் பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1930களிலேயே சுவரில் துளையிட்டுச் சிமெண்ட் கரைசலை உள்ளே செலுத்தினார்கள். 1979க்குப் பிறகு அணையின் முதுகில் கான்கிரீட் தாங்கல் கட்டியும் எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தும் பலப்படுத்தினார்கள். அவற்றையெல்லாம் ஆராய்ந்த பிறகுதான் 2014இல் உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று ஏற்று, 142 அடி வரை நீர் தேக்க அனுமதி கொடுத்தது.

மலைத் தண்ணீர் ஏன் இப்படிச் சுண்ணாம்பைத் தேடிக் கரைக்கிறது? அதனிடம் சுண்ணாம்பு இல்லை என்பதால்தான். பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு அடர்ந்த காடு; அடியில் சார்னோகைட் போன்ற கடும்பாறை. அங்கே பெய்யும் மழை பாறையின் மேல் வழிந்து, ஓடையாகி, சீக்கிரமே ஏரியை அடைந்துவிடுகிறது. பாறையிலிருந்து தாதுக்களை எடுத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அப்படி வெறுமையாக வரும் மென்னீருக்குச் சுண்ணாம்புப் பசி அதிகம். எங்கே சுண்ணாம்பைக் கண்டாலும் தன்னால் இயன்ற மட்டும் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தண்ணீர் தேக்கடியில் மலையைக் குடைந்து வந்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனக் கடந்து வைகை அணைக்குப் போகிறது. வழியில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. குழாயில் வரும் அந்த நல்ல தண்ணீரில் சோப்பைத் தொட்டால் நுரைக்கும். பருப்பைப் போட்டால் குழைய வேகும்.

நிலத்துக்குள் நடப்பது

அதே மழையின் இன்னொரு பங்கு பள்ளத்தாக்கிலும் கரட்டு அடிவாரத்திலும் விழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் கதை வேறு.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடு அளவுதான் உண்டு. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் மூச்சு விடுவதால் மண்துளைகளில் அது பல பத்து மடங்கு கூடுதலாக இருக்கும். மண்ணில் இறங்கும் மழைநீர் அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. சோடாப் பாட்டிலில் சுருக்கென்று நாக்கைத் தொடும் அதே அமிலம்தான், மிக மிக நீர்த்த அளவில்.

மெல்லிய அமிலம் என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. தூய நீர் ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ 14 மில்லிகிராம்தான் கரையும். மண்ணின் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிட்டால் அதே லிட்டரில் சில நூறு மில்லிகிராம் கரையும். கரையாத கார்பனேட்டைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக அது மாற்றிவிடுகிறது. நம் பகுதிக் கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் இதே அமிலத்தால் மெல்லச் சிதைந்து, களிமண்ணாக மாறியபடியே தன் கால்சியத்தைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கிறது. ஹார்ன்பிளெண்ட் போன்ற கருங்கனிமங்கள் மக்னீசியத்தைக் கொடுக்கின்றன. கிணறு வெட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் வெள்ளை வெள்ளையாக அகப்படும் சுக்கானும் சுண்ணாம்புதான்: கோடையில் மண்ணீர் வற்றும்போது விட்டுச் சென்றது. அடுத்த மழை அதில் ஒரு பகுதியை மறுபடியும் கரைத்துக் கீழே கொண்டுபோகும்.

ஆக, ஆற்றுத் தண்ணீர் பாறையை உரசிவிட்டு ஓடிவந்தது. போர் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது. எவ்வளவு காலம் தங்கியது, எந்தப் பாறையோடு தங்கியது என்பதைப் பொறுத்துக் கடினத்தன்மை கூடும், குறையும். ஆற்றோரத்துக் கிணறும் மேட்டுக்காட்டு ஆழ்துளைக் கிணறும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே தண்ணீர் தருவதில்லை.

சூடு பட்டால் வெளியேறும்

உப்பும் சர்க்கரையும் சுடுநீரில் எளிதாகக் கரையும் என்பது நமக்குப் பழக்கம். கால்சியம் கார்பனேட் நேர்மாறானது. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் கரைதிறன் குறைகிறது. அதைக் கரைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடும் சூட்டில் தண்ணீரை விட்டு வெளியேறிவிடுகிறது. பிடித்து வைத்திருந்த கை விலகியதும் பைகார்பனேட் மறுபடி கார்பனேட்டாகிப் படிகிறது. மண்ணுக்குள் நடந்த வேதிவினை அப்படியே தலைகீழாக நம் கீசருக்குள் நடக்கிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் ஹென்றி காவெண்டிஷ். லண்டனில் ராத்போன் பிளேஸ் என்னும் இடத்து ஊற்றுநீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் மண் போன்ற பொருள் படிவதை ஆராய்ந்து, அந்தச் சுண்ணாம்பைக் கரைசலில் நிறுத்தி வைத்திருந்தது ஒரு வாயு என்று 1767இல் எழுதினார். கார்பன் டை ஆக்சைடு என்ற பெயர்கூட அன்று பிறக்கவில்லை.

தண்ணீரின் எந்தப் பகுதி மிகச் சூடாக இருக்கிறதோ அங்கேதான் படிவு முதலில் பிறக்கும். கீசரில் அது தொட்டியின் சுவர் அல்ல, ஹீட்டர் காயில். தண்ணீர் 55 பாகையில் இருக்கும்போது காயிலின் மேற்பரப்பு அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். ஆகவே பொருக்கு காயிலைத்தான் போய்ச் சூழ்கிறது. அப்படிப் படிவதில் ஒரு பகுதி அரகோனைட் என்னும் ஊசிப் படிகமாக அமையும். முத்தும் அடுக்கடுக்கான அரகோனைட்டால் ஆனதுதான். சின்னமனூர்ச் செப்பேடுகளை வெளியிட்ட பாண்டியர் குலத்துக்குப் புகழ் சேர்த்த கொற்கை முத்தும், அதே சின்னமனூரில் கீசரைக் கெடுக்கும் பொருக்கும் ஒரே வேதிப்பொருள். சிப்பி அதை ஒழுங்காக அடுக்கியது. கீசர் தாறுமாறாகக் குவித்தது.

எவ்வளவு குவியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் நாளுக்கு 60 லிட்டர் சுடுநீர் எடுத்தால், கீசருக்குள் நாள்தோறும் 24 கிராம் நுழைகிறது. ஆண்டுக்கு அது 8.76 கிலோ. இதில் பெரும்பங்கு தண்ணீரோடேயே வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே தங்கினாலும் ஆண்டுக்கு 876 கிராம்.

சூடாக்கும் கருவி, ஆவியாக்கும் கருவி, அலசும் கருவி

உப்புத் தண்ணீர் எல்லாக் கருவிகளையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. தண்ணீரை அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்தால் கெடுதல் எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் வகை, சூடாக்குபவை: கீசர், சோலார் ஹீட்டர், காபி இயந்திரம், சுடுநீரில் துவைக்கும் வாஷிங் மெஷின். இவற்றில் சுண்ணாம்பின் ஒரு பகுதி படியும். இங்கே பரவலாக உள்ள ஒரு கருத்தைத் திருத்த வேண்டும். பொருக்குப் படிந்தால் எலக்ட்ரிக் கீசருக்குக் கரண்ட் பில் தாறுமாறாக ஏறும் என்பார்கள். 2,000 வாட் காயில் தண்ணீருக்குள் முங்கி இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் பொருக்கைத் தாண்டித் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். போக வேறு வழி இல்லை. அமெரிக்காவின் பேட்டெல் ஆய்வு நிறுவனம் 2009இல் கடினநீரை ஓடவிட்டுச் சோதித்தபோதும், தொட்டி வைத்த மின் ஹீட்டர்களின் திறன் குறையவில்லை என்றே கண்டது.

கெடுவது காயில். பொருக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன், செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அந்தப் போர்வையைத் தாண்டி அதே 2,000 வாட்டை வெளியே தள்ள வேண்டுமானால் காயில் மேலும் மேலும் சூடாக வேண்டும். ஒரு கட்டத்தில் அதன் உலோக உறை வெடிக்கிறது. உறைக்குள் மின்கம்பியைத் தனித்து வைத்திருந்த மக்னீசியம் ஆக்சைடு பொடியில் தண்ணீர் ஏறுகிறது. அப்போது கரண்ட் தண்ணீரைத் தொடும். ஆகவே இது காயில் செலவோடு முடியும் விஷயம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டில் கீசருக்கு எர்த் இணைப்பு சரியாக இருப்பதும், கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பதும் கட்டாயம்.

கேஸ் கீசரின் கதை வேறு. அங்கே தீ வெளியே எரிகிறது, தண்ணீர் மெல்லிய செம்புக் குழாயில் ஓடுகிறது. குழாயின் உள்ளே பொருக்குப் பிடித்தால் வெப்பம் தண்ணீருக்குள் போகாமல் புகையோடு வெளியேறும். குழாய் குறுகி அடைத்தும் போகும். பேட்டெல் சோதனையில் தொட்டியில்லாத கேஸ் ஹீட்டர்கள் கடினநீரில் அடைத்தே நின்றன. போர் தண்ணீருக்குக் கேஸ் கீசர் வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டாம் வகை, ஆவியாக்குபவை: இட்லிப் பானை, ஸ்டீம் அயர்ன் பாக்ஸ், ஏர் கூலர். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. கரைந்திருந்தது முழுவதும் பின்தங்கும். நம் 400 மில்லிகிராம் தண்ணீரில் ஒரு கூலர் 30 லிட்டரை ஆவியாக்கினால் 12 கிராம் தட்டியிலும் தொட்டியிலும் தங்கும். தண்ணீரை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டியில் உள்ளது நாளுக்கு நாள் கெட்டிப்படும். வாரத்துக்கு இரண்டு தடவை தொட்டியை முழுக்க வடித்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றினால் தட்டி கூடுதல் நாள் உழைக்கும்.

நம் தோட்டங்களிலும் இதே சங்கதிதான். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கும் வாழைக்கும் சொட்டுநீர் பாயும் குழாயின் முனையில் ஒவ்வொரு துளியும் காய்ந்து கொஞ்சம் சுண்ணாம்பை விட்டுப் போகிறது. துளை அடைக்கிறது. சொட்டுநீர்க் குழாய்களை இடையிடையே அமிலம் கலந்த நீரால் கழுவ வேண்டியிருப்பது இதனால்தான். குகைகளில் நடப்பதும் வேறல்ல. விசாகப்பட்டினத்துக்கு அருகே பொர்ரா குகைகளில் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள், சொட்டும் நீர் கார்பன் டை ஆக்சைடை இழந்து விட்டுச்சென்ற சுண்ணாம்பு. நம் குழாய் முனையில் ஒரு பருவத்தில் நடப்பது அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்திருக்கிறது.

மூன்றாம் வகை, அலசுபவை: பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வாஷிங் மெஷினும், துணி துவைக்கும் கல்லும், குளியலறையும். இங்கே சூடு இல்லாததால் பொருக்குக் குறைவு. இழப்பு சோப்பில். கால்சியம் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுபிசுப்பான திரையாகிறது. தண்ணீரில் உள்ள கால்சியம் தீரும்வரை சோப்பு அழுக்கின் பக்கம் திரும்பாது. ஒரு கிராம் கடினத்தன்மை ஏறத்தாழ ஆறு கிராம் சோப்பைத் தின்னும். 20 லிட்டர் வாளியில் 8 கிராம் கடினத்தன்மை இருந்தால், ஒழுங்காக நுரை வருவதற்கு முன்னே சுமார் 50 கிராம் சோப்பு வீண். வெள்ளைத் துணி பழுப்பதும், துவைத்த துண்டு முறமுறப்பாக இருப்பதும் நாரில் ஒட்டிய அந்தத் திரையால்தான். டிடர்ஜென்ட் பொடியில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சோடா, ஜியோலைட் போன்றவை சேர்க்கப்பட்டிருக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பைவிடப் பொடி நன்றாக வேலை செய்வது அதனால்தான்.

அடுப்படியில் இன்னொன்று. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்வது முழு அறிவியல். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் வைத்தாலும் பருப்பு குழைய மறுக்கும்.

அளக்காமல் வாங்காதீர்கள்

கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறை வைத்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். 60க்குக் கீழே மென்னீர், 180க்கு மேல் மிகக் கடினம் என்பது உலகில் பரவலாக உள்ள வகைப்பாடு.

இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமே அல்ல. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் செய்யும் இடிடிஏ தரம்பார்த்தல்தான். ஒயின் சிவப்பில் இருக்கும் கரைசல் துளித்துளியாக ஊற்ற ஊற்ற ஒரு கணத்தில் நீலமாகும். எத்தனை மில்லிலிட்டரில் மாறியது என்பதிலிருந்து கடினத்தன்மை தெரிந்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

விற்பனையாளர் பேனா போல் எடுத்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வேறு. அது கரைந்துள்ள எல்லாவற்றின் மின்கடத்தலையும் அளக்கிறது; கடினத்தன்மையைத் தனியே சொல்லாது. இன்னொரு வித்தையும் வீடு தேடி வரும். இரண்டு டம்ளரில் இரண்டு தண்ணீர், உள்ளே மின்சாரம் பாயும் கம்பிகள். உங்கள் தண்ணீர் சில நிமிடத்தில் சேறாகக் கலங்கும், அவர்கள் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. தாது உள்ள தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. நல்ல மினரல் தண்ணீரை ஊற்றினாலும் அது கலங்கத்தான் செய்யும். இதை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்த குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பள்ளி வேதியியல் பாடத்தில் உள்ள ஒரு பக்கம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

உடல்நலம் பற்றிய பயமும் இப்படியே விற்கப்படுகிறது. கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவை. கடினநீர் குடிப்பதால்தான் சிறுநீரகக் கல் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் அதற்குத் தெரிந்த பெரிய காரணங்களில் ஒன்று. ஃபுளூரைடு, நைட்ரேட், கிருமி ஆகியவை வேறு கேள்விகள். அவற்றுக்கும் சோதனைதான் பதில் சொல்லும்.

எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு

வீட்டுத் தண்ணீர் முழுவதையும் மென்மையாக்கும் இயந்திரங்கள் உண்டு. அவற்றில் உள்ள பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் 400 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. மேலும், அந்தப் பிசினைச் சமையல் உப்புக் கரைசலால் அடிக்கடி கழுவ வேண்டும். கழுவிய உப்புநீர் தென்னைக்கும் வாழைக்கும் போனால் மண் கெடும். விவசாயத்தை நம்பி வாழும் ஒரு பள்ளத்தாக்கில் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

தாமஸ் கிளார்க் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1841இல் வியப்பான ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். கடினநீரில் அளவோடு சுண்ணாம்பு சேர்த்தால் சுண்ணாம்பு நீங்கும்! சேர்த்த சுண்ணாம்பு, பைகார்பனேட்டைப் பிடித்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடைத் தின்றுவிட, இரண்டும் சேர்ந்து கார்பனேட்டாக அடியில் படியும். உலகின் பல நகரங்களின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றும் செய்வது இதைத்தான். அளவு தவறினால் பயனில்லை என்பதால் இது வீட்டில் செய்யக்கூடியது அல்ல.

நம் ஊருக்கு இதையெல்லாம்விட எளிய வழி கையிலேயே இருக்கிறது: இரண்டு தண்ணீர் வரும் வீட்டில் அவற்றை வேலைக்கேற்பப் பிரித்துவிடுவது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது ஓர் அளவுகோல். நான்கு பேருக்கு 540 லிட்டர். இதில் கீசருக்குள் போவது 60 லிட்டர், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. தரை கழுவவும் கழிப்பறைக்கும் செடிக்கும் போர் தண்ணீர் தாராளமாகப் போதும். சூடாக்கவும் ஆவியாக்கவும் சமைக்கவும் மட்டும் ஆற்றுத் தண்ணீர் போனால் கருவிகளின் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மாடியில் ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து கீசருக்கு மட்டும் ஒரு தனி லைன். வீடு கட்டும்போதே பிளம்பரிடம் சொல்லிவிட்டால் செலவு மிகச் சிறிது.

ஆற்றுத் தண்ணீர் போதாத வீட்டுக்கு மழை இருக்கிறது. மழைநீரில் கடினத்தன்மை அநேகமாகக் கிடையாது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். வழியில் போனது போக 800 லிட்டர் பிடித்தாலும் 13 நாள் கீசருக்கு ஆயிற்று. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். முதல் மழையை வடியவிட்டு, அடுத்ததை மணலில் வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் குழாய் ஏற்கெனவே தயார்.

போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டிலும் செய்ய வேலை உண்டு. கீசரின் சூட்டை 60 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கு மேல் படிவு விரைந்து கூடும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது மெக்கானிக்கை வைத்துக் காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கெட்டிலிலும் ஷவர் முகப்பிலும் பிடித்த பொருக்குக்கு எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூனை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும். நுரைத்து எழும் குமிழிகள், நிலத்துக்குள் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு மறுபடி காற்றுக்குத் திரும்புவதுதான். இட்லிப் பானையில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போடும் நம் வீட்டு வழக்கத்தின் பின்னணியிலும் அமிலம்தான் வேலை செய்கிறது. கழிப்பறை ஆசிட்டைக் கீசரிலோ பாத்திரத்திலோ ஊற்றாதீர்கள். பொருக்கோடு உலோகத்தையும் அது தின்னும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. வெளிவரும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாலைவடித்த நீர் மட்டுமே. ஆற்றுத் தண்ணீர்கூட வேண்டாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஓர் எண். நம் தெருவின் போர் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண். அது தெரியாததால்தான் கடைக்காரர் சொல்லும் இயந்திரத்தை வாங்குகிறோம், காயில் எரிந்ததும் விதியை நோகிறோம். தேனி மாவட்டக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் தரம்பார்த்தலை ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வுக்காகச் செய்கிறார்கள். சோதனைக்கு வைத்த செயற்கைக் கரைசலுக்குப் பதில் அவரவர் தெருவிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னால், ஒரே பருவத்தில் சின்னமனூருக்கு, இரண்டே ஆண்டில் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெருவாரியான கடினத்தன்மை வரைபடம் கிடைத்துவிடும். அந்த எண்ணை வார்டு அலுவலகத்தில் எழுதி ஒட்டினால், போர் போடுபவரும், கீசர் வாங்குபவரும், சொட்டுநீர் அமைப்பவரும் அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். இதற்கு ஆசிரியர்கள் முன்வர வேண்டும், நகராட்சி கேட்டு வாங்க வேண்டும், நாம் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுக்க வேண்டும்.